பெர் லஷேஸ்: மரணத்தின் சமத்துவம் என்னும் கட்டுக்கதை

தமிழில் 'கல்லறைத் தோட்டம்' என்ற சொல் நெடுங்காலமாகப் புழங்கி வருகிறது. கிறித்தவர்கள் தம் இறந்தோரைப் புதைக்கும் எந்த இடத்தையும், அங்கே ஒரு வேப்பமரம்கூட இல்லாவிட்டாலும், அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். சொல் அழகானதுதான். ஆனால் கல்லறைகளுக்கு நடுவே தோட்டம் என்பது தானாக முளைத்ததன்று என்பதை அது நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. ஐரோப்பாவில் ஒரு குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட சிலர், குறிப்பிட்ட தேவைகளுக்காகத் திட்டமிட்டு உண்டாக்கியது அது. 1804இல் பாரிஸின் கிழக்கு எல்லைக்கு அப்பால் திறக்கப்பட்ட பெர் லஷேஸ் அதன் தலையாய எடுத்துக்காட்டு. லண்டனின் கென்சல் கிரீன், ஹைகேட், அமெரிக்காவின் மவுண்ட் ஆபர்ன் ஆகிய பிற்காலத் தோட்டங்கள் எல்லாம் அதைப் பார்த்துப் பிறந்தவை.

இந்தப் பெர் லஷேஸ் குறித்து நம் இலக்கிய இதழ்களில் வரும் பயணக் கட்டுரைகளுக்கு என்று ஒரு வார்ப்பு ஏற்பட்டுவிட்டது. கட்டுரையாளர் வாசலில் வரைபடம் வாங்குவார். ப்ரூஸ்தின் கறுப்புப் பளிங்கின் முன் சிறிது நேரம் மௌனமாக நிற்பார். ஆஸ்கர் வைல்டின் கல்லறையில் உதட்டுச்சாயத் தடங்களைப் பற்றி ஒரு பத்தி எழுதுவார். சருகுகள் உதிரும், ஏதோ ஒரு பறவை கூவும். கடைசியில், அரசனும் ஆண்டியும் இங்கே ஒரே மண்ணில் சமமாக உறங்குகிறார்கள் என்ற வரி வந்து கட்டுரை முடியும். சுடுகாடே சமரசத்தின் இடம் என்று திரைப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த வரி நம் கையில் எப்போதும் தயாராக இருக்கிறது. உரைப்பது ஒன்றே: அந்த வரியை எழுத உலகிலேயே மிகப் பொருத்தமற்ற இடம் எதுவென்றால் அது பெர் லஷேஸ்தான்.

தொடக்கத்திலிருந்து பார்ப்போம். பாரிஸின் மையச் சந்தையை ஒட்டி இன்னொசான் என்ற இடுகாடு நூற்றாண்டுக் கணக்காக இருந்தது. பெருங்குழிகளை வெட்டி, நிரம்பும்வரை பிணங்களை இட்டு, மூடி, பிறகு எலும்புகளைத் தோண்டியெடுத்துச் சுற்றுச்சுவர் மண்டபங்களின் மேற்பரப்பில் குவித்து வைத்தார்கள். 1780இல் அருகிலிருந்த ஒரு வீட்டின் நிலவறைச் சுவர் பிணக்குழியின் பாரம் தாங்காமல் இடிந்தது. இடுகாடு மூடப்பட்டது. 1786 முதல் அதன் எலும்புகள் வண்டி வண்டியாக நகரின் தெற்கிலிருந்த பழைய கற்சுரங்கங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டன. இன்று சுற்றுலாப் பயணிகள் சீட்டு வாங்கி இறங்கிப் பார்க்கும் நிலத்தடி எலும்பறைகள் அவையே. அதே காலத்தில் வசதி படைத்தோர் தேவாலயங்களுக்கு உள்ளேயே, பீடத்திற்கு இயன்றவரை அருகில், புதைக்கப்பட்டு வந்தனர் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இந்த நிலையை மாற்றியது 1804 ஜூன் 12ஆம் நாள் நெப்போலியன் அரசு பிறப்பித்த ஆணை. தேவாலயங்களுக்குள்ளும் ஊருக்குள்ளும் புதைப்பதை அது தடை செய்தது. இடுகாடு ஊரிலிருந்து குறைந்தது 35 மீட்டரேனும் தள்ளி இருக்க வேண்டும். உயரமான, வடக்கு நோக்கிய நிலமாக இருந்தால் நன்று. இரண்டு மீட்டருக்குக் குறையாத மதில் வேண்டும். மரம் நட வேண்டும், ஆனால் காற்றோட்டத்தைத் தடுக்காதவாறு நட வேண்டும். 'தோட்டம்' அரசாங்க ஏட்டில் முதலில் நுழைவது இப்படித்தான்: அழகுணர்ச்சியாக அல்ல, சுகாதார விதியாக. அதே ஆணைதான் ஒவ்வொரு பிணத்தையும் தனிக் குழியில் இட வேண்டும் என்றும், ஐந்து ஆண்டுகளுக்கு அக்குழியை மீண்டும் திறக்கக் கூடாது என்றும் விதித்தது. பிணங்களை அடுக்கிப் புதைத்துப் பழகிய ஒரு நகரத்தில் இது பெரிய வாக்குறுதி. அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் அந்த ஆணையிலேயே, சில விதிகள் தள்ளி, வேறொன்றும் எழுதப்பட்டிருக்கிறது. இடம் போதுமான அளவு இருக்குமானால், தமக்கும் தம் குடும்பத்தாருக்கும் தனி நிலம் பெற்று நினைவுச்சின்னம் எழுப்ப விரும்புவோருக்கு நிலம் வழங்கலாம். அதற்கு அவர்கள் ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கொடை அளிக்க வேண்டும், நகராட்சிக்கும் ஒரு தொகை செலுத்த வேண்டும். ஆக, ஒரே ஏட்டில் இரண்டு மரணங்கள். பணமில்லாதவனுக்கு ஐந்து ஆண்டு மண். பணமுள்ளவனுக்கு நிரந்தரக் கல். நாம் 'தோட்டம்' என்று வியக்கும் அனைத்தும் இந்த இரண்டாவது விதியின் விளைச்சல். முதல் விதியின் கீழ் வந்தவர்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். தெரியாமற் போவதே அவர்களுக்கு விதிக்கப்பட்டது. தனிக்குழி என்ற வாக்குறுதியோ பாரிஸில் பல பத்தாண்டுகள் ஏட்டளவிலேயே நின்றது. ஏழைகளின் சவப்பெட்டிகள் நீண்ட அகழிகளில்தான் இடப்பட்டு வந்தன.

பெர் லஷேஸில் முதலில் அடக்கம் செய்யப்பட்டவள் ஐந்து வயதுச் சிறுமி. செந்த்-அந்துவான் என்ற உழைப்பாளர் பகுதியைச் சேர்ந்த, மணியடிக்கும் கடைநிலை ஊழியர் ஒருவரின் மகள். அவளுடைய கல்லறை இன்று அங்கே இல்லை. நாற்பத்து நான்கு ஹெக்டேர் பரப்பில், ஏறத்தாழ 70,000 கல்லறைகளுக்கு நடுவில், அந்தத் தோட்டத்தின் முதல் ஆளுக்கு இடமில்லை. நம் பயணக் கட்டுரையாளர்கள் இந்த ஒன்றை எழுதியிருந்தாலே போதும், இக்கட்டுரைக்குத் தேவை இருந்திருக்காது.

இனித் தோட்டத்திற்கு வருவோம். அந்தக் குன்று ஒரு காலத்தில் இயேசு சபையாரின் ஓய்வில்லம். பதினான்காம் லூயி மன்னனின் பாவமன்னிப்புக் குருவாகிய பெர் லஷேஸ் அங்கே தங்கியதால் அவர் பெயர் நிலத்துக்கு நிலைத்தது. மன்னனின் இரகசியங்களைக் கேட்டவரின் பெயரில் மக்களாட்சியின் இடுகாடு என்பது வரலாற்றின் சிறு குறும்பு. சபையார் வெளியேற்றப்பட்ட பின் நிலம் கைமாறி, கடைசியில் நகராட்சி ஆட்சியர் நிக்கோலா ஃப்ரோஷோ அதை நகருக்காக வாங்கினார். வடிவமைக்கும் பொறுப்பு கட்டடக் கலைஞர் ப்ரோன்யாரிடம் ஒப்படைக்கப்பட்டது. பாரிஸின் பங்குச் சந்தை மாளிகைக்கு வரைபடம் தந்தவரும் இவரே. (இந்தப் பொருத்தத்தை நாம் இட்டுக்கட்டவில்லை.) அவர் ஆங்கிலேயத் தோட்டக் கலையின் பாணியை எடுத்துக்கொண்டார். நேர்கோட்டுப் பாதைகளை இயன்றவரை தவிர்த்து, சரிவின் போக்கிலேயே வளைந்து ஏறும் பாதைகள்; திருப்பத்தில் மறைந்திருந்து திடீரென வெளிப்படும் கல்மாடங்கள்; மேட்டிலிருந்து நகரம் முழுவதையும் பார்க்கும் திறந்த வெளிகள். மேற்குச் சரிவில், பழைய பகுதியில், இன்றும் இதைக் காணலாம். கருங்கல் பாவிய பாதைகளின் இருமருங்கும் மேப்பிளும் ஆஷும் செஸ்ட்நட்டும் கவிந்து நிற்கும். வேர்கள் கல்லறைகளைப் பிளந்திருக்கும். மேலே கிழக்குச் சமவெளிக்கு ஏறினால், பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட நிலத்தில், பாதைகள் கட்டம் கட்டமாக நேராகிவிடும். தொடக்கத்தில் 17 ஹெக்டேராக இருந்த நிலம் 1850 வரை பல தவணைகளில் விரிந்தது. விற்க விற்க நிலம் தேவைப்பட்டது. விற்பனை பெருகியபோது வளைவு குறைந்தது.

ஆனால் தொடக்கத்தில் விற்கவில்லை என்பதுதான் செய்தி. முதலாண்டில் 13 கல்லறைகள். மறு ஆண்டு 44. 1806இல் 49, 1807இல் 62. நகரத்திலிருந்து தொலைவு, ஏழைகளின் பகுதி, எவன் அங்கே போய்ப் படுப்பான்? அப்போது செய்யப்பட்ட காரியத்தை இலக்கிய வாசகர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். 1817இல் மோலியேர், லா ஃபோந்தேன், காதலர்களான அபெலார், எலோயிஸ் ஆகியோரின் எச்சங்கள் ஆரவாரத்தோடு அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டன. புதுக் குடியிருப்பை விற்க முதல் மனையை நடிகருக்குத் தருகிறார்களே, அதே உத்தி.

எச்சங்கள் என்றோம், யாருடையவை? மோலியேரின் எலும்புகள் என்றும் லா ஃபோந்தேனின் எலும்புகள் என்றும் சொல்லப்பட்டவை புரட்சிக் காலத்தில், 1792இல், செந்த்-ஜோசஃப் இடுகாட்டில் தோண்டியெடுக்கப்பட்டு, அலெக்ஸாந்த்ர் லெனுவாரின் நினைவுச்சின்ன அருங்காட்சியகத்தில் கிடந்தவை. லா ஃபோந்தேன் 1695இல் புதைக்கப்பட்டதோ இன்னொசானில். அப்படியானால் அவருடைய உண்மையான எலும்புகள் நிலத்தடிச் சுரங்கத்தில், பெயரற்ற இலட்சக்கணக்கானோரின் எலும்புகளோடு கலந்திருக்க வேண்டும். பெர் லஷேஸில் மலர் பெறுபவர் வேறு யாரோ. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காதலர்களின் கோதிக் மாடமும் அப்படியே: வெவ்வேறு பழங்கட்டடங்களின் கற்களைப் பொறுக்கி லெனுவார் ஒட்டியெடுத்த கூரை அது. எழுத்தாளனின் எலும்பை, அவனுடையதா என்றுகூடப் பாராமல், மனை விலையை ஏற்றுவதற்குப் பயன்படுத்தியது நகராட்சி. அந்த உத்தி பலித்தது. 1830 வாக்கில் கல்லறைகள் 33,000. இன்றும் இலக்கிய யாத்திரை என்று அங்கே செல்பவர்கள், தாம் அறியாமலேயே, 1817இன் விளம்பரத்தைப் படித்துவிட்டு வருபவர்கள்.

இதை நமக்குச் சொல்லித் தர ஆளில்லாமல் போகவில்லை. அதே தோட்டத்தில் புதைக்கப்பட்டிருக்கும் பால்ஸாக் சொல்லிவிட்டுத்தான் போனார். எழுத்தாளனாக முயன்ற இளமைக் காலத்தில் பெர் லஷேஸில் திரிந்தவர் அவர். 1835இல் நூலாக வந்த 'கோரியோ கிழவன்' நாவலின் முடிவு அங்கேதான் நிகழ்கிறது. சீமாட்டிகளாகிவிட்ட இரு மகள்களுக்குத் தன் செல்வம் முழுவதையும் கொடுத்துவிட்டு மலிவான விடுதியில் இறந்துபோகிறார் கோரியோ. மருத்துவ மாணவனான பியான்ஷோன் நண்பன் ரஸ்தின்யாக்குக்கு எழுதும் குறிப்பில், பெர் லஷேஸில் ஐந்தாண்டுக்கு ஒரு நிலம் வாங்கு, தேவாலயத்தில் மூன்றாந்தரச் சடங்குக்குச் சொல், பணத்தை மருமகன்கள் தராவிட்டால் இவர் இரு மாணவர்களின் செலவில் புதைக்கப்பட்டார் என்று கல்லில் பொறித்துவிடுவோம் என்கிறான். ஐந்தாண்டு! 1804 ஆணையின் விதி அப்படியே நாவலுக்குள் வந்து நிற்கிறது. பிணத்தின் பின்னால் மருமகன்களின் குலச்சின்னம் பொறித்த இரண்டு வண்டிகள் வருகின்றன, உள்ளே யாருமில்லை. குழி தோண்டியவர்கள் கையூட்டுக் கேட்க, ரஸ்தின்யாக் விடுதி வேலைக்காரனிடம் இருபது காசு கடன் வாங்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகே அவன் மேட்டில் ஏறி, விளக்கேறும் பாரிஸைப் பார்த்துச் சவால் விடுகிறான்.

நம் கட்டுரைகளில் அந்தக் கடைசிச் சவால் மட்டும் தவறாமல் இடம்பெறும். அதற்கு முன்னுள்ள வெற்று வண்டிகளும் இருபது காசும் இடம்பெறா. காட்சியை எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிடும் இந்த வாசிப்பை என்னவென்று சொல்வது? பால்ஸாக்குக்கு மரணத்தின் சமத்துவத்தில் நம்பிக்கை இல்லை. அதன் விலைப்பட்டியல் அவருக்கு மனப்பாடம். 1850இல் அவரைப் புதைத்தபோது விக்டர் ஹ்யூகோ ஆற்றிய உரை புகழ்பெற்றது. அந்தக் கல்லறையின் முன் நின்று படமெடுத்துக்கொள்பவர்கள் நாவலை முழுதாகப் படித்திருக்கிறார்களா என்ற ஐயம் நமக்கு எழுவது இயல்பு.

வைல்டுக்கும் இதே கதைதான். 1900இல் அவர் இறந்தபோது பெர் லஷேஸ் அவருக்கு எட்டாத இடம். நகருக்கு வெளியே பான்யு இடுகாட்டில், தற்காலிகமாகப் பெற்ற நிலத்தில் புதைக்கப்பட்டார். நண்பர் ராபர்ட் ராஸ் பாடுபட்டுக் கடன்களை அடைத்து, 1909இல்தான் எச்சத்தை இங்கே மாற்றினார். எப்ஸ்டீனின் சிற்பம் எழும்பியது அதன் பின்னர். முத்தத் தடங்களிலிருந்து கல்லைக் காக்க 2011இல் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். எனவே உதட்டுச்சாயப் பத்தியும் பழைய கதை. மொதிலியானியை 1920இல் பெருங்கூட்டத்தோடு பெர் லஷேஸுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் இறந்த மறுநாள் நிறைமாதக் கர்ப்பிணியாக மாடியிலிருந்து குதித்து மாண்ட ழான் எபுதெர்ன் பான்யுவுக்குப் போனாள். அவனருகில் வந்து சேரப் பத்து ஆண்டுகள் ஆயின.

இன்னொரு கல்லறையையும் சொல்ல வேண்டும். இந்தியர்கள் அங்கே செல்வது பெருகிவிட்ட இக்காலத்திலும் பெரும்பாலோர் அதைத் தேடுவதில்லை. 1857இல் பெர் லஷேஸின் கிழக்குப் பகுதியில் முஸ்லிம்களுக்கென்று ஒரு தனி அடைப்பு ஏற்படுத்தப்பட்டது. அதன் பின், 1858 ஜனவரியில், அங்கே வந்து சேர்ந்தவர் அவுத் அரசி மலிகா கிஷ்வர். கடைசி நவாப் வாஜித் அலி ஷாவின் தாய். 1856இல் கம்பெனி தன் மகனின் நாட்டைப் பிடுங்கிக்கொண்டபோது, விக்டோரியா அரசியிடம் நேரில் நியாயம் கேட்கக் கடல் கடந்து லண்டன் சென்றவர். நியாயம் கிடைக்காமல் திரும்பும் வழியில் பாரிஸில் இறந்தார். துணைக்கு வந்த இளைய மகனும் அடுத்த சில வாரங்களில் லண்டனில் இறந்து அன்னையின் பக்கத்திலேயே அடக்கமானார். பின்னாளில் ஈரானிய எழுத்தாளர் சாதெக் ஹெதாயத்தும் அதே பகுதிக்கு வந்து சேர்ந்தார். சமய வாரியான அடைப்புச் சுவர்களை நீக்கச் சொல்லும் சட்டம் 1881இல் வந்தது. அதுவரை, மரணம் சமமாக்கும் என்று சொல்லப்படும் அத்தோட்டத்தில், யூதர்களுக்கு ஒரு சுவர், முஸ்லிம்களுக்கு ஒரு சுவர். ஊருக்கொரு சுடுகாடு, சேரிக்கொரு சுடுகாடு என்று பிரித்து வைத்து, பிணம் போகும் பாதைக்கும் வழக்காடும் நாட்டிலிருந்து போகும் நமக்கு, இந்தச் சுவர்கள்தான் முதலில் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பறவை கூவியது கேட்டதாம்.

சுவர் என்றதும் நாம் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டோம். பாரிஸ் கம்யூனின் இறுதி வாரத்தில், 1871 மே 27 மாலை, இத்தோட்டத்தின் கல்லறைகளுக்கு நடுவே சண்டை நடந்தது. மறுநாள் காலை, பிடிபட்ட 147 கம்யூன் போராளிகள் கிழக்கு மூலையில் மதிலை ஒட்டி நிறுத்திச் சுடப்பட்டு, அந்த மதிலின் அடியிலேயே குழியில் தள்ளப்பட்டார்கள். ஆணை கேட்ட இரண்டு மீட்டர் மதில், தனிக்குழி ஆகிய இரண்டில் முதலாவது மட்டும் அன்று பயன்பட்டது. அவர்களை ஒழித்த அரசின் தலைவர் தியேர் 1877இல் இறந்தார். அவரும் பெர் லஷேஸில்தான் இருக்கிறார். தேவாலயம் போல உயர்ந்த, தோட்டத்திலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றான மாடத்தில். கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே மண்ணில் என்று இதற்கும் ஒரு வரி எழுதிவிடலாம். எழுதுவதற்கு முன் இரண்டு இடங்களுக்கும் நடந்து பார்க்க வேண்டும். ஒருவருக்கு வாசலுக்கு நேரெதிரே மேட்டின் மேல் தூண்களும் கதவும். மற்றவர்களுக்கு வெறும் மதில்.

அந்த மதில் கம்யூனின் நினைவிடமானது யாரும் தந்த கொடையால் அன்று. 1880 மே மாதத்தில் முதல் ஊர்வலம் அதை நோக்கிச் சென்றது. பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது அதற்குப் பின் ஜூலையில். மாண்டோர்க்கு என்று பொறித்த பலகையைச் சுவரில் பதிக்க 1908 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிலமும் கல்லும் வாங்க இயலாதவர்கள் ஆண்டுதோறும் நடந்து நடந்தே அந்த இடத்தைத் தமதாக்கிக்கொண்டார்கள். அதன் பின் மற்றவர்கள் அதன் அருகில் இடம் தேடி வந்தார்கள்: கம்யூன் கவிஞர் ழான்-பாப்திஸ்த் கிளெமான், மார்க்ஸின் மகள் லாராவும் கணவர் லஃபார்க்கும், பின்னர் நாஜி வதைமுகாம்களில் மாண்டவர்களுக்கான சின்னங்கள். மேற்குச் சரிவின் வளைவுப் பாதைகளை ப்ரோன்யார் வரைந்தார். கிழக்கு மூலையின் இந்த நிலக்காட்சியை எந்தக் கலைஞரும் வரையவில்லை. பெர் லஷேஸின் நிலக்காட்சி என்று எழுதுகிறவர்கள் முதலாவதை மட்டும் எழுதுவது அரைகுறை. (தோட்டத்துக்கு வெளியே, மேற்கு மதிலை ஒட்டிய பூங்காவில், புரட்சிகளில் பலியானோர்க்கென்று மோரோ-வொத்தியே செதுக்கிய உருக்கமான சிற்பச் சுவர் ஒன்று இருக்கிறது. அதையே சுடப்பட்ட மதில் என்று எண்ணிப் படமெடுத்துத் திரும்புபவர்கள் உண்டு.)

இவையெல்லாம் பழங்கதை, இன்று அது பொதுச்சொத்து, அனைவரும் உலாவும் பசுஞ்சோலை என்று சிலர் சொல்லக்கூடும். சோலை என்பது மெய். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளைக் கைவிட்டபின் புல்லும் காட்டுப்பூவும் கல்லிடுக்குகளில் திரும்பி வந்திருக்கின்றன. 2020இன் ஊரடங்கின்போது நரிக்குட்டிகளே தென்பட்டன. நமக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால் கணக்கு மாறவில்லை. தவணை முடிந்து புதுப்பிக்கப்படாத கல்லறையும், நிரந்தரமானதாகவே இருந்தாலும் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்ட கல்லறையும் நகராட்சிக்குத் திரும்பும். எலும்புகள், பார்த்தொலொமே செதுக்கிய புகழ்பெற்ற மாண்டோர் நினைவுச்சின்னத்தின் பின்னாலுள்ள எலும்பறைக்குப் போகும். 2025இல் பாரிஸ் நகராட்சி, பெர் லஷேஸ் உள்ளிட்ட மூன்று இடுகாடுகளில் பாழடைந்த முப்பது பழங்கல்லறைகளைக் குலுக்கல் முறையில் விலைக்கு அறிவித்தது. ஒன்று 4,000 யூரோ. வாங்குபவர் தம் செலவில் செப்பனிட வேண்டும். அதற்கு ஈடாக, பக்கத்திலேயே தமக்கொரு நிலம் பெறும் உரிமை. 1804இல் ஏழைகளுக்கும் மருத்துவமனைக்கும் கொடை அளித்தால் நிரந்தர நிலம் என்றார்கள். இப்போது பழங்கல்லுக்குக் கொடை அளித்தால் நிலம். இருநூறு ஆண்டுகளில் அந்த விதி எவ்வளவு நேர்த்தியாக முதிர்ந்திருக்கிறது பாருங்கள்.

அடுத்து பாரிஸ் செல்லும் நண்பர்களிடம் நம் வேண்டுகோள் சிறியது. மேற்கிலுள்ள பெரிய வாசலை விடுங்கள். தென்கிழக்கில் ரேயுனியோன் தெருவின் முனையில் ஒரு வாசல் இருக்கிறது. அதன் வழி நுழைந்தால் 76ஆம் பிரிவும் மதிலும் அண்மையில். அங்கிருந்து 85ஆம் பிரிவில் அரசியின் கல்லறையைத் தேடுங்கள், தேடத்தான் வேண்டியிருக்கும். பிறகு 48ஆம் பிரிவில் பால்ஸாக். தியேரின் மாடம் கடைசியில், இறங்கும் வழியில் வரும். ப்ரூஸ்த் 85ஆம் பிரிவிலேயேதான் இருக்கிறார். அரசியைத் தேடும்போது அவரும் அகப்படுவார். கட்டுரையை அதற்குப் பிறகு எழுதி அனுப்புங்கள்.